கம்ப்ரெஷனுக்குத் தமிழில் எந்தச் சொல்? அழுத்தம் முதல் ஒடுக்கம் வரை ஓர் ஒப்பீடு

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "கம்ப்ரெஷனுக்குத் தமிழில் என்ன போடுவது?" என்பதுதான். கேட்பவர் கையில் ஒரு நாள் எஞ்சின் கையேடு இருக்கும், இன்னொரு நாள் முதலுதவிக் குறிப்பு, மறுநாள் ஏதோ ஒரு செயலியின் மெனு. அகராதியைத் திறந்தால் அழுத்தம், அமுக்கம், சுருக்கம், இறுக்கம், நெருக்கம், ஒடுக்கம் என்று வரிசையாக நிற்கும். எதை எடுப்பது என்று அகராதி சொல்லாது. பலர் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்துக்கொண்டு, கையேடு முழுக்க அதையே போட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு முதலுதவி அட்டையை மொழிபெயர்த்தபோது, இதயம் நின்றுபோனவரின் மார்பில் கைவைத்து அமுக்கும் வேலைக்கு "மார்புச் சுருக்கம்" என்று எழுதினேன். அதற்கு முந்தைய வாரம் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றுக்கு வேலை செய்திருந்தேன்; அந்தச் சொல் கையோடு வந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்த செவிலியர், "சுருங்குவது இதயத்தின் வேலை, அமுக்குவது நம் வேலை. இதில் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். என் அட்டையைப் படித்தவர், நோயாளியின் மார்பு தானாகச் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஒவ்வொரு நொடியும் உயிராக இருக்கும் இடம் அது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் அவசரமாக எழுதுவதில்லை.

## சொல்லை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, குறைவது எது? கன அளவா, நீளமா, துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியா, பிட்டுகளின் எண்ணிக்கையா, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாடா? ஆங்கிலம் இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. தமிழில் எழுதும்போது அதைப் பிரித்தே ஆக வேண்டும். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வெளியிலிருந்து யாராவது அல்லது ஏதாவது அமுக்குகிறதா, தானாக நடக்கிறதா? தமிழ் இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி தந்திருக்கிறது. அமுங்கு–அமுக்கு, சுருங்கு–சுருக்கு, நெருங்கு–நெருக்கு, ஒடுங்கு–ஒடுக்கு என்று தன்வினையும் பிறவினையும் ஜோடியாக வருகின்றன. மெல்லினம் வந்தால் தானாக நடப்பது, வல்லினம் வந்தால் ஒருவர் செய்விப்பது. இறுகு–இறுக்கு, அழுந்து–அழுத்து ஆகியவையும் இதே குடும்பம்தான். பெயர்ச்சொல்லாக மாற்றும்போது இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையாக எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, எதிர்ச்சொல் என்ன? நான் மிகவும் நம்புவது இந்தச் சோதனையைத்தான். சுருக்கினால் விரிக்கலாம், இறுக்கினால் தளர்த்தலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த சொல்லின் எதிர்ச்சொல் அந்தத் துறையில் பொருந்தாமல் நின்றால், தேர்ந்தெடுத்த சொல்லும் தவறு.

கடைசியாக, அந்தச் சொல்லை வாசகர் வேறெங்கே பார்த்திருக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லின் மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது.

## அழுத்தம்

எல்லோரும் முதலில் எட்டிப் பிடிக்கும் சொல் இது. எளிய சொல், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சிக்கலும் அதனால்தான் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அழுத்தம் என்றால் ஓரலகு பரப்பில் செயல்படும் விசை. இரத்த அழுத்தம், வளிமண்டல அழுத்தம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. கம்ப்ரெஷனுக்கும் அதையே போட்டால், "அழுத்தத்தைக் கூட்டினால் வாயுவின் அழுத்தம் நிகழ்கிறது" என்பது போன்ற வாக்கியம் வந்து நிற்கும். காரணமும் விளைவும் ஒரே பெயரில் இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

கடல் தாண்டினால் சிக்கல் இன்னும் கூடும். இலங்கைப் பாடநூல்களில் அந்த விசை அளவுக்குப் பெயர் அமுக்கம். வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் என்பார்கள். அங்கே "அழுத்த சக்தி" என்றால் தமிழ்நாட்டில் நிலை ஆற்றல் என்று படிப்பது. இரண்டு ஊர் வாசகர்களுக்கும் போகும் நூல் என்றால், முதல் பக்கத்திலேயே நீங்கள் எந்த வழக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. அதற்கும் மேலே மன அழுத்தம், அழுத்தமாகச் சொல்வது, வாயைத் திறக்காத அழுத்தமான ஆள் என்று வேறு சுமைகளும் இந்தச் சொல்லின் தலையில் இருக்கின்றன.

சரி, எங்கே இது ஜெயிக்கிறது? விசையே பேச்சின் மையமாக இருக்கும் இடத்தில். கால் நரம்புப் புடைப்புக்கு அணியும் காலுறையை எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்காலில் அதிக அழுத்தம், மேலே போகப் போகக் குறைவு என்று அதை வடிவமைக்கிறார்கள். அந்த அளவை இரத்த அழுத்தத்தைப் போலவே பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்கிறார்கள். "இறுக்கமான காலுறை" என்று எழுதினால் ஒரு அளவு சின்னதாக வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும் என்று வாசகர் நினைப்பார். காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருப்பவருக்கு அது ஆபத்து. "அழுத்தக் காலுறை" என்றால், இது மருத்துவர் சொல்லும் அளவில் வாங்க வேண்டிய ஒன்று என்பது உடனே புரிகிறது.

முக்குளிப்பவர்கள் வேகமாக மேலே வந்தால் உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிவரும் நோயிலும் இதே கதைதான். அங்கே மாறுவது சுற்றியுள்ள அழுத்தம். நோயின் ஆங்கிலப் பெயரில் வரும் டிகம்ப்ரெஷன் என்ற எதிர்ச்சொல்லை "விரித்தல்" என்று எழுதினால் அபத்தமாகிவிடும்; "அழுத்தக் குறைவு நோய்" என்பதே சரி.

## அமுக்கம்

வாயு, எஞ்சின், கட்டுமானம் மூன்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது அழுத்தம் என்பது காரணம், அமுங்குவது விளைவு என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை இந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள்: வெப்பநிலை மாறாதபோது, அழுத்தத்தை இரு மடங்காக்கினால் வாயு பாதி இடத்துக்கு அமுங்கும். எங்கேயும் இடறவில்லை.

"காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது" என்பதும் எவ்வளவு இயல்பாக வருகிறது! கறாராகச் சொன்னால் தண்ணீரும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். 4 கிலோமீட்டர் ஆழக் கடலில்கூட அதன் கன அளவு சுமார் 1.8 சதவீதம்தான் குறைகிறது. வண்டியின் பிரேக் குழாயில் இருப்பதும் இப்படி எளிதில் அமுங்காத திரவம்தான்; அதில் காற்றுக்குமிழி புகுந்தால் பெடல் மெத்தென்று உள்ளே போவது இதனால்தான். மிதிக்கிற விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இதே வாக்கியத்தில் "சுருக்குவதிலேயே" என்று போட்டுப் பாருங்கள், அந்த மெத்தென்ற உணர்வு போய்விடும்.

எஞ்சினில் வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறி உள்ளிருப்பதை அமுக்குகிறது. அமுக்க விகிதம் 9 : 1 என்றால், 9 பங்கு இடத்தில் இருந்தது 1 பங்கு இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். டீசல் எஞ்சினில் இந்த விகிதம் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதல். அமுங்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், தீப்பொறி பிளக் வேண்டாம். "அமுக்க வீச்சு", "அமுக்க விகிதம்" என்று கூட்டுச்சொற்களும் தடங்கலில்லாமல் அமைகின்றன.

கட்டுமானத்தில் இந்தச் சொல்லின் அருமை இன்னும் தெரியும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் சுலபமாக விரிசல் விடும். இழுவையைத் தாங்கும் வலிமை, அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே கம்பி கட்டுவது அதற்காகவே. இங்கே யாராவது "சுருக்க வலிமை" என்று எழுதினால் பெரிய தவறு நடந்துவிடும். கான்கிரீட் உலரும்போது தானாகவே கொஞ்சம் சுருங்கும். அதனால் வரும் வெடிப்புகள் தனிப் பிரச்சினை. அமுங்குவதும் சுருங்குவதும் ஒரே பொருளில், ஒரே அறிக்கையில், இரண்டு வேறு நிகழ்வுகளாக வரும்போது சொல்லைக் கலக்கக் கூடாது. மண்ணைத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்துவது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வேலை. அதற்குத் திமிசு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இனி என் முதலுதவி அட்டை. கடைசியில் பெயர்ச்சொல்லையே தூக்கிவிட்டு, "மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக மேலெழும்ப விடுங்கள்" என்று பெரியவர்களுக்கான குறிப்பாக எழுதினேன். அமுக்குவது, எழும்ப விடுவது என்று எதிர்வினையும் கூடவே வந்துவிட்டது. அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் இதயம் இரத்தத்தால் நிரம்பாது, அமுக்கியதற்குப் பலனும் இருக்காது.

இந்தச் சொல்லின் செலவு: ஏற்கெனவே சொன்ன இலங்கை வழக்கு ஒன்று. அப்புறம், "விஷயத்தை அமுக்கிவிட்டார்கள்" என்ற பேச்சு வழக்கு. அறிவியல் வாக்கியத்தில் இரண்டாவது குறுக்கே வருவதில்லை. முதலாவதைத்தான் கவனிக்க வேண்டும்.

## சுருக்கம்

கணினிக் கோப்புகளுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. இங்கே யாரும் எதையும் அமுக்கவில்லை. குறைவது எழுதும் முறையின் நீளம். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி என்ற எண்ணம் மோர்ஸ் தந்திக் குறிகளிலேயே இருந்தது. 1952-இல் டேவிட் ஹஃப்மன் அதற்குக் கச்சிதமான ஒரு வழியைக் கொடுத்தார். 1977-இல் லெம்பெல், ஸிவ் இருவரும், ஒருமுறை வந்ததைத் திரும்ப எழுதாமல் "முன்னால் இத்தனை எழுத்து தள்ளிப் பார்" என்று சுட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஸிப் கோப்புக்குள் பெரும்பாலும் நடப்பது இவை இரண்டும் சேர்ந்ததுதான்.

தமிழ் உரைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். ஆக 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்புகள். இவ்வளவு திரும்பத் திரும்ப வருவதால், சுருக்கும்போது தமிழ்க் கோப்பு நன்றாகவே இளைக்கிறது.

எதிர்ச்சொல் சோதனையிலும் இது தேறுகிறது. சுருக்கியதை விரிக்கலாம். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், தளர்த்தினால் விரியும். உள்ளே இருந்தது ஒன்றும் குறையாது. இழப்பற்ற சுருக்கத்தை இதைவிட எளிதாக விளக்க முடியுமா? நம் இலக்கணத்திலும் இதே வித்தை உண்டு. "வளர்பிறை" என்ற வினைத்தொகைக்குள் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலமும் மறைந்திருக்கிறது. விரித்தால் வெளியே வந்துவிடும்.

செலவு என்ன? சுருக்கம் என்றால் சாரம் என்றும் பொருள். "கோப்பின் சுருக்கம்" என்று ஒரு பொத்தானில் எழுதினால், உள்ளே இருப்பதன் சாரத்தைக் காட்டும் பொத்தான் என்றுதான் பயனர் எடுத்துக்கொள்வார். "கோப்பைச் சுருக்கு", "சுருக்கிய கோப்பு" என்று வினை வடிவத்தில் எழுதினால் இந்தத் தடுமாற்றம் இல்லை.

இந்த இரட்டைப் பொருள் ஓரிடத்தில் உதவியும் செய்கிறது. சுருக்கெழுத்தில் எழுதியதைத் தட்டச்சாளர் முழு வாக்கியமாகத் திருப்பித் தந்துவிடுவார். கதைச் சுருக்கத்திலிருந்து முழுக் கதையைத் திரும்பப் பெற முடியாது. முதலாவது ஸிப் போன்றது. இரண்டாவது ஜேபெக் படம் போன்றது: கண் அவ்வளவாகக் கவனிக்காத நிற நுணுக்கங்களை அது விட்டுவிடும், விட்டது விட்டதுதான். "இழப்பற்ற சுருக்கம்", "இழப்புள்ள சுருக்கம்" என்ற இரண்டு தொடர்களும் தமிழ் வாசகருக்கு விளக்கம் இல்லாமலே புரிவதற்கு இந்தப் பழைய பழக்கம்தான் காரணம்.

"குறுக்கம்" போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று இலக்கணத்தில் அதற்கு நிலையான இடம் இருக்கிறது. மகர ஒற்று அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைவது போன்ற ஒலி அளவுக் குறைவு அது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

## இறுக்கமும் நெருக்கமும்

ஒலி அலையைப் பற்றி எழுதும்போதுதான் இந்த இரண்டுக்கும் போட்டி. காற்றில் ஒலி போகும்போது துகள்கள் ஓரிடத்தில் நெருங்குகின்றன, அடுத்த இடத்தில் விலகுகின்றன. துகள்கள் தங்கள் இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. பயணம் போவது அந்த நெருங்கிய நிலை, 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில். குறைவது இடைவெளி என்பதால் "நெருக்கம் – நெகிழ்வு" என்ற ஜோடியை நான் விரும்புகிறேன். கூட்டத்தில் நெருக்கம் என்ற அன்றாடப் பொருளிலிருந்து மாணவர் அதை உடனே பிடித்துக்கொள்வார். "இறுக்கம் – தளர்வு" என்பதும் தவறில்லை. சுருள்வில்லை வைத்து விளக்கும் ஆசிரியருக்கு அது இன்னும் பொருந்தும்.

காயத்துக்குக் கட்டும் துணியில் மட்டும் இறுக்கத்துக்குப் போட்டியே இல்லை. கட்டை இறுக்கிக் கட்டுகிறோம், விரல் மரத்தால் தளர்த்துகிறோம். ஆனால் ஐஸ் வைக்கும் கம்ப்ரெஸ் என்பதை இறுக்கம், அழுத்தம் என்றெல்லாம் மாற்ற வேண்டாம். அதன் பெயர் ஒத்தடம்.

## ஒடுக்கம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டுமே இது தேவைப்படுகிறது. அங்கே கம்ப்ரெஸர் செய்யும் வேலை, உரத்த பகுதியைத் தணித்து மெல்லிய பகுதியோடு உள்ள இடைவெளியைக் குறைப்பது. எதற்கு மேல் போனால் தணிக்க வேண்டும் என்ற எல்லையை −20 டெசிபலில் வைத்து விகிதத்தை 4 : 1 என்று அமைத்தால், −12 டெசிபலில் வரும் குரல் −18 ஆக வெளியேறும். எல்லைக்கு மேலே 8 இருந்தது, 2 ஆகிவிட்டது. பாட்டின் நீளம் மாறவில்லை, கோப்பின் அளவும் மாறவில்லை. அதனால் சுருக்கம் பொருந்தாது. எகிறுவதைத் தணிப்பதால் "ஒடுக்கு" பொருந்துகிறது. ஒடுக்குமுறை என்ற கசப்பான சொல் இதன் பக்கத்திலேயே இருப்பது இதற்கு உள்ள குறை. "ஒலி ஏற்றத்தாழ்வை ஒடுக்குதல்" என்று முழுசாக எழுதினால் அந்த நிழல் விழாது.

## ஒரே பார்வையில்

| இடம் | குறைவது | என் தேர்வு | எதிர்ச்சொல் | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|---|
| வாயு, எஞ்சின் | கன அளவு | அமுக்கம் | விரிவு | அழுத்தம் |
| கான்கிரீட், தூண் | நீளம், கன அளவு | அமுக்கம் | இழுவை | சுருக்கம் |
| முதலுதவி, மார்பு | மார்பின் ஆழம் | அமுக்குதல் | எழும்ப விடுதல் | சுருக்கம் |
| மருத்துவக் காலுறை | இரத்தம் தேங்கும் இடம் | அழுத்தம் | – | இறுக்கம் |
| காயக் கட்டு | வீக்கம் | இறுக்கிக் கட்டுதல் | தளர்த்துதல் | சுருக்கம் |
| கோப்பு, படம் | பிட்டுகள் | சுருக்குதல் | விரித்தல் | அமுக்கம் |
| ஒலி அலை | துகள் இடைவெளி | நெருக்கம் | நெகிழ்வு | சுருக்கம் |
| ஒலிப்பதிவு | ஒலி ஏற்றத்தாழ்வு | ஒடுக்குதல் | விரிவாக்குதல் | சுருக்கம் |

## கம்ப்ரெஷன் என்றே விட்டுவிடலாமா?

விடலாம், இரண்டு இடங்களில். பட்டறையில் "வண்டியில் கம்ப்ரெஷன் இல்லை" என்றால் மெக்கானிக்கிலிருந்து வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் புரிகிறது. பழுதுபார்க்கும் குறிப்பில் அதை மாற்றி எழுதினால், படித்துவிட்டு மறுபடி உங்களிடமே கேட்பார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரெஸரும் அப்படித்தான். அது ஒரு பாகத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அது என்ன செய்கிறது என்று விளக்கும்போது மட்டும் "ஆவியை அமுக்குகிறது" என்று எழுதுங்கள், பொருளின் பெயரை அப்படியே வையுங்கள்.

ஒலிப்பதிவு பற்றிய கட்டுரையில் மட்டும் கடன்சொல்லை வைக்கவே வேண்டாம் என்பேன். அங்கே இரண்டு கம்ப்ரெஷனும் ஒரே பக்கத்தில் வரும்: ஒன்று எம்பி3 ஆக்குவது, மற்றது உரத்த பகுதியைத் தணிப்பது. ஆங்கிலத்தில் படித்துக் குழம்பி, "எம்பி3 ஆக்கினால் பாட்டின் ஏற்ற இறக்கம் போய்விடுமா?" என்று கேட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். "முதலில் குரலை ஒடுக்கினோம், கடைசியில் கோப்பைச் சுருக்கினோம்" என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.